பெரியமேட்டுல கட்டிங் ப்ளையருக்கு தோல் உறை தைச்ச அனுபவம்

நான் ஏசி சர்வீஸ் பாக்கறவன், 15 வருஷமா இடுப்புல கட்டிங் ப்ளையர் இல்லாம வெளிய கிளம்புனதில்ல. போன வருஷம் ஆன்லைன்ல ஒரு லெதர் ஹோல்ஸ்டர் வாங்கினேன், எந்த கம்பெனினு வேணாம், தேன் கலர்ல பாக்க அவ்ளோ நல்லா இருந்துச்சு. ஐப்பசி மழைல ஒருநாள் நல்லா நனைஞ்சிடுச்சு, ப்ளையரோட அப்படியே வண்டி பெட்டிக்குள்ள வச்சு பூட்டிட்டேன், காலைல எடுத்தா உள்பக்கம் ப்ளையர் மூக்கு அப்படியே கருப்பா அச்சு குத்துன மாதிரி, வெளிய டிச் பட்டனை சுத்தி ஒரு கருப்பு வளையம். சோப்பு, ஷூ கிரீம்னு என்ன போட்டும் போகல.

அத எடுத்துக்கிட்டுதான் சென்னைல தோல் கடைங்க இருக்கற பெரியமேட்டுக்கு போனேன். சைடன்ஹாம்ஸ் ரோட்லருந்து உள்ள போற சந்துல சின்ன கடை, போர்டெல்லாம் இல்ல. பாய் அத கைல வாங்கி மோந்து பாத்துட்டு ஒரே கேள்விதான் கேட்டாரு, "வீட்ல வாழைப்பூ நறுக்குனா அருவாமணை என்னாகும் தம்பி?" கருப்பாகும்ல, அதேதான் இதுவும்னாரு. மரப்பட்டை போட்டு பதப்படுத்துன தோல்ல துவர்ப்பு இருக்கு, அதுல ஈரத்தோட இரும்பு பட்டா கருப்பு ஏறிடும். அந்த காலத்துல ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு பதப்படுத்தி மெட்ராஸ் துறைமுகத்துலருந்து லண்டனுக்கு போன ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் இந்த வகைதான், இப்போ ஆவாரத்துக்கு பதிலா வாட்டில்ங்கற மரத்தோட பட்டை சாறு ஜாஸ்தி ஓடுது. அப்போ பட்டைக்கு பதிலா குரோமியம் உப்பு போட்டு பதப்படுத்துன குரோம் தோல்லயே தைச்சிடலாமேனு கேட்டேன். அதுல இந்த கருப்பு வராது, ஆனா ஈரத்துல அழுத்தி வளைச்சாலும் டூலோட வடிவம் நிக்காது, தொளதொளனு இருக்கும், டூலும் உள்ளயே கிடந்தா துரு புடிக்கும்னு சொல்லிட்டாரு.

பழசுக்கு பாதி எலுமிச்சம்பழம் புழிஞ்சு பஞ்சுல தொட்டு மெதுவா தடவினாரு, என் கண்ணு முன்னாடியே அந்த வளையம் சாம்பல் கலராகி மங்கிப்போச்சு. அஞ்சு நிமிஷத்துக்கு மேல விடக்கூடாதாம், நல்ல தண்ணில துடைச்சு நிழல்ல காயவச்சு அப்புறம் லேசா எண்ணெய் போடணும். முதல்ல பின்பக்கம் ஒரு மூலைல தடவி பாத்துக்கோங்க, கலரும் கொஞ்சம் வெளுக்கும். உள்பக்கம் ஆழமா ஏறுனது போகல, போகாதுனு அவரே முன்னாடியே சொல்லிட்டாரு, அந்த நேர்மை எனக்கு ரொம்ப புடிச்சுது.

புதுசுக்கு மூன்றரை மில்லிமீட்டர் தடிமன் தோலு வெட்டி, காத்துக் குமிழி விடறது நிக்கற வரைக்கும் தண்ணில முக்கி எடுத்து, என் ப்ளையர மெல்லிசு பாலிதீன் கவர்ல இறுக்கமா சுத்தி உள்ள வச்சு, விரலாலயே அழுத்தி அழுத்தி வளைவ எடுத்தாரு. கவர் இல்லாம வச்சா தைக்கறதுக்கு முன்னாடியே கறை ஏறிடும். பழைய பட்டன்ல காந்தம் வச்சு காட்டுனாரு, சட்டுனு ஒட்டிக்குச்சு, மேல முலாம் உள்ள இரும்பு. புதுசுல பட்டன், ரிவெட் எல்லாமே பித்தளை. பித்தளைல எண்ணெய் பட்டா பச்சை களிம்பு வரும், அத துணியால துடைச்சா போதும்.

850 ரூபாய் ஆச்சு, 4 நாள்னு சொல்லி 9 நாள் இழுத்தடிச்சாங்க, ரெண்டு தடவ சும்மா போயிட்டு வந்தேன், ஒரு போன் பண்ணியிருக்கலாம். பெல்ட் போற வளையத்தோட ஓரத்த இன்னும் தேய்ச்சு வழவழப்பாக்கியிருக்கணும், பேண்ட்ட உரசுது. மத்தபடி தையல் ஒரு நூல் கூட விலகல, தலைகீழா புடிச்சாலும் ப்ளையர் விழமாட்டேங்குது, 3 மாசமா வேர்வைல ஊறியும் ஒரு புள்ளி கருப்பு இல்ல. ராத்திரி டூல வெளிய எடுத்து வச்சிடறேன், அது முக்கியம்.

போறவங்க டூல கைலயே கொண்டு போங்க, அளவு மட்டும் சொன்னா எடுத்துக்க மாட்டாரு. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்கு மூடியிருக்கும். வண்டி நிறுத்த இடமில்ல, சென்ட்ரல்லருந்து நடந்தே போயிடலாம். டெஸ்டருக்கும் ஸ்க்ரூட்ரைவருக்கும் சேர்த்து இன்னொண்ணு சொல்லியிருக்கேன், புதன்கிழமை போய் வாங்கணும்.