விவசாய மின்சாரம்: நான்கு மாநிலங்கள், நான்கு வழிகள்

விவசாய மின்சாரத்தை இலவசமாகத் தந்தால் விளைச்சல் பெருகுமா, நிலத்தடி நீர்தான் வற்றுமா? இந்தச் சண்டையைத் தீர்க்க நான்கு மாநிலங்களின் அனுபவம் போதும்.

தமிழ்நாட்டில் இது தேர்தல் பரிசாக வந்ததல்ல. 1970இல் பெருமாநல்லூரில் மின்கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் மூவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 1990இல்தான் எல்லா விவசாயிகளுக்கும் கட்டணம் ரத்தானது. கிணற்றை நம்பியே பயிர் செய்யும் கொங்குப் பகுதிக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் புதிய இணைப்புக்கு வருடக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கும், கிணறு தோண்ட வசதியில்லாத மானாவாரி விவசாயிக்கும் இதில் ஒரு பைசா பயனில்லை.

பஞ்சாபை உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். அங்கே வேளாண்மை பாய்ந்து வளர்ந்தது 1960களிலும் 70களிலும். வீரிய விதை, கால்வாய், கிராமச் சாலை, உறுதியான கொள்முதல் ஆகியவைதான் காரணம். இலவச மின்சாரம் வந்ததோ 1997இல், வளர்ச்சி தளர்ந்த பிறகு. அது வளர்ச்சியை மீட்கவில்லை. நெல்லுக்குக் கொள்முதல் உறுதி, தண்ணீருக்குச் செலவில்லை என்றானதும் ஆழ்துளைக் கிணறுகள் ஆழமாகிக்கொண்டே போயின. ஆண்டுதோறும் ஊறுவதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் உறிஞ்சுகிறார்கள். நிலத்தடி நீரைக் காக்க, ஜூன் 10க்கு முன் நெல் நாற்று நடக்கூடாது என்று 2009இல் சட்டமே போட வேண்டியதாயிற்று.

குஜராத் 2003 முதல் ஜோதிகிராம் திட்டத்தில் வயலுக்குத் தனி மின்பாதை போட்டது. வீடுகளுக்கு 24 மணி நேரம். பம்புசெட்டுக்கு எட்டு மணி நேரம் மும்முனை மின்சாரம், அதுவும் முன்கூட்டியே சொன்ன நேரத்தில், முழு மின்னழுத்தத்தில். மானியம் நின்றுவிடவில்லை, அதற்கு ஓர் எல்லை வந்தது. அதற்குப் பிறகு குஜராத் வேளாண்மை கண்ட வளர்ச்சிக்கு நல்ல மழை, தடுப்பணைகள், பிடி பருத்தி என்ற மரபணு மாற்றிய ரகம் எல்லாமே பங்களித்தன. சரி, முழுப் பெருமையும் மின்பாதைக்கு இல்லை. ஆனாலும் மோட்டார் கருகுவது குறைந்ததே விவசாயிக்குப் பெரிய மிச்சம்.

மேற்கு வங்கம் 2007 முதல் பம்புசெட்டுகளுக்கு மீட்டர் பொருத்தி, பயன்படுத்திய அளவுக்குக் கட்டணம் வாங்கியது. தண்ணீர் மேலேயே கிடைக்கும் மண்ணுக்கு அது பொருந்தலாம், நமக்குக் கடினம்.

என் தேர்வு குஜராத் வழி. தமிழ்நாட்டில் கட்டணம் வேண்டாம். ஆனால் தனி மின்பாதையும் சொன்ன நேரத்தில் தவறாத மும்முனை மின்சாரமும் வேண்டும். எப்போது வரும் என்று தெரியாததால்தான் பலர், மின்சாரம் வந்ததும் மோட்டாரைத் தானாக ஓடவைக்கும் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறார்கள். மடை நிறைந்த பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது.