கோர்ட் வாசலில் "ஜாமீனுக்கு ஆள் ரெடி" என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

ஜெராக்ஸ் கடைப் பக்கம் நின்றுகொண்டு, "ஜாமீனுக்கு ஆள் வேணுமா சார்?" என்று கேட்பவரிடம் எங்கள் வீட்டில் 15,000 ரூபாய் போயிற்று. பணம் போனால் போகட்டும். வெளியே வந்த என் தம்பி அந்த ஆளால் திரும்ப உள்ளே போனான்.

தெருச் சண்டை வழக்கு. செஷன்ஸ் கோர்ட்டில் தலா 10,000 ரூபாய்க்கு இரு நபர் ஜாமீன், அதாவது தம்பி ஒழுங்காக ஆஜராவான் என்று இரண்டு பேர் பொறுப்பேற்க வேண்டும் என்று ஆர்டர் வந்தது. மாமாவும் அவருடைய நண்பரும் நிற்கத் தயார். ஆனால் இருவர் சொத்தும் பக்கத்து மாவட்டத்தில். "அதெல்லாம் செல்லாதுங்க, உள்ளூர் வீட்டு வரி ரசீதுதான் வேணும், ரெண்டு பேரையும் நானே தர்றேன்" என்றார் புரோக்கர். அப்பட்டமான பொய். ஒரு கொத்தனாருக்காக ஜாமீன் நிற்க வந்த சகோதரரை, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் மறுத்ததை மோதிராம் வழக்கில் 1978லேயே உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டித்திருக்கிறார். சில கோர்ட்டுகளில் இன்றும் உள்ளூர் ஆளைக் கேட்பார்கள், அது வேறு விஷயம். வக்கீல் எடுத்துச் சொல்லலாம்.

புரோக்கர் கூட்டிவந்த இருவரும் அதுவரை தம்பியைப் பார்த்ததே இல்லை. மாஜிஸ்திரேட் கேட்டால் சொல்வதற்காக ஒருவர் எங்கள் அப்பா பெயரை உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருந்தார்!

கொஞ்ச நாளில் குட்டு வெளிப்பட்டது. ஒருவர் கொடுத்த ரசீதில் இருந்த கதவு எண்ணே அந்தத் தெருவில் கிடையாது. மற்றவர் ஏற்கெனவே பல பேருக்கு ஜாமீன் நின்றவர். எத்தனை பேருக்கு நிற்கிறோம் என்று ஜாமீன்தாரர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம் (குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டம், பிரிவு 486). அவர் 'யாருக்கும் இல்லை' என்று எழுதியிருந்தார். ஜாமீன்தாரர் போலி என்றால் பிரிவு 488 படி வாரண்ட் வருவது குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தான். தம்பி ஒரு வாய்தாவையும் தவறவிட்டதில்லை. இருந்தும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

புரோக்கரிடம் கேட்டால், "வெளிய எடுக்கறதோட என் வேலை முடிஞ்சுது" என்கிறார். அமெரிக்காவில் பல மாநிலங்களில் லைசென்ஸ் வாங்கி இதைத் தொழிலாகவே செய்கிறார்கள். பெரும்பாலும் ஜாமீன் தொகையில் பத்தில் ஒரு பங்கு கட்டணம், அது திரும்ப வராது. ஆனால் ஆள் ஓடிவிட்டால் முழுத்தொகைக்கும் அந்த ஏஜென்ட் பக்கம்தான் பொறுப்பு. நம் ஊரில் அப்படி லைசென்ஸே கிடையாது. இங்கே ஜாமீன் நிற்பவர், ஆள் ஆஜராகாவிட்டால் ஜாமீன் பத்திரத்தில் உள்ள தொகையைக் கட்ட வேண்டும். கட்டவில்லை, வசூலிக்கவும் முடியவில்லை என்றால் 6 மாதம் வரை சிவில் சிறைகூட உண்டு. முகவரியே பொய்யாக இருப்பவருக்கு நோட்டீஸ் எங்கே போய்ச் சேரும்?

இரண்டாம் முறை மாமாவும் நண்பரும்தான் நின்றார்கள், அதே பக்கத்து மாவட்டச் சொத்துப் பத்திரத்தோடு. போட்டோ ஒட்டி, இடது கட்டைவிரல் ரேகை வைத்து, ஆதார் நகல் கொடுத்தார்கள். மாஜிஸ்திரேட் ஏற்றுக்கொண்டார்.

ஆளே கிடைக்காவிட்டால், பணமாகக் கட்ட அனுமதி கேட்டு பிரிவு 490ல் மனு போடலாம். ஆர்டர் வந்து ஒரு மாதத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிக் கோர்ட்டே பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வக்கீலுக்குக் காசில்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100க்குக் கூப்பிடுங்கள்.