காலஸின் கச்சேரிப் பதிவுகள்: குரலைக் குறை சொல்லும் முன்

ஓப்பரா என்ற ஐரோப்பிய இசைநாடகத்தின் பாடகி மரியா காலஸின் கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டுக் கேட்டுவிட்டு, "மேல்ஸ்தாயி கிரீச்சிடுகிறது, குரல் ஆடுகிறது" என்று மூடிவைத்தவர்கள் நிறைய. அந்தப் புகாரில் உண்மை இருக்கிறது, ஆனால் எல்லாம் குரல்மேல் போகவேண்டிய பழி அல்ல. வேகம் தவறிய ஒலிநாடா, பிரதிக்குமேல் பிரதி எடுத்ததில் ஏறிய இரைச்சல், அந்த இரைச்சலைத் துடைக்கப்போய் குரலையும் சேர்த்துத் துடைத்த மென்பொருள் என்று பங்காளிகள் பலர். எது யாருடைய குறை என்று பிரிக்கத் தெரிந்துகொண்டால் இந்தப் பதிவுகள் வருஷக்கணக்கில் சலிக்காது.

முதலில் சுருதி. நாடா 6 சதவீதம் வேகமாக ஓடினால் எல்லாமே ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். 3 சதவீதம் என்றால் அதில் பாதி. சுருதி மட்டுமல்ல, குரலின் கனமும் மாறும். வேகமாக ஓடும் பிரதியில் காலஸ் மெலிந்து, கூர்மையாக, ஓரளவு எரிச்சலோடு பாடுவதுபோல் கேட்கும். மெதுவாக ஓடும் பிரதியில் ஆட்டம் இன்னும் அகலமாகி, களைத்துப்போனவர்போல் இருப்பார். சரிபார்க்க நம் வீட்டுச் சுருதிப் பெட்டியே போதும். 'நோர்மா' ஓப்பராவின் 'காஸ்டா தீவா' பாட்டை அவர் பாடியது எஃப், அதாவது நம் கணக்கில் 4 கட்டை. 'கார்மென்' ஓப்பராவின் ஹபனேரா பாட்டு 2 கட்டை. 'டான் கார்லோ'வின் கடைசி அங்கத்தில் எலிசபெத் பாடும் பாட்டு நாலரைக் கட்டை. ஐரோப்பிய ஆர்க்கெஸ்ட்ராக்கள் 'ஏ' சுரத்தை 440 ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் மேலேதான் வைத்துச் சுருதி சேர்ப்பார்கள். 442, 444 என்று இருந்தால் அதைத் தவறாக எண்ணவேண்டாம். கால் கட்டை விலகினால்தான் நாடாவைச் சந்தேகிக்கவேண்டும்.

இன்னும் துல்லியமாகப் பார்க்க ஒரு வழி உண்டு. அந்தக் காலத்து ஐரோப்பியப் பதிவுகள் பலவற்றில் மின்சார முனகல் லேசாகப் படிந்திருக்கும். அங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வாத்தியம் எதுவும் ஒலிக்காத ஒரு துண்டை, கைதட்டல் அடங்கிய பிறகு வரும் அமைதியை, தேர்ந்தெடுத்து அதிர்வெண் வரைபடத்தை 65536 அளவில் போடுங்கள். 50-க்குப் பதில் 51.5-இல் முகடு தெரிந்தால் நாடா 3 சதவீதம் வேகம். இந்த அளவில் வரைபடத்தின் ஒரு படி சுமார் 0.67 ஹெர்ட்ஸ், 50-ஐ மட்டும் பார்த்தால் துல்லியம் போதாது. 150-இல் இருக்கும் அதன் மடங்கைப் பார்த்தால் பிழை மூன்றில் ஒன்றாகும். ஒரு பொறி: முனகல் பின்னால் பிரதி எடுக்கும்போது ஏறியதாகவும் இருக்கலாம். 60-இல் முகடு இருந்தால் அமெரிக்கப் பிரதியின் சாயல் என்று கொள்ளலாம், அசல் வேகத்துக்கு அது சாட்சி ஆகாது. ஆகவே முனகல் சொல்வதைச் சுருதிப் பெட்டியோடு ஒப்பிட்டுவிட்டே கைவைக்கவேண்டும். திருத்தும்போது சுருதியை மட்டும் மாற்றும் கருவி வேண்டாம். வேகமும் சுருதியும் சேர்ந்து மாறுவதையே எடுக்கவேண்டும், ஏனென்றால் தவறும் அப்படித்தான் நேர்ந்தது. 3 சதவீத வேகத்துக்கு மைனஸ் 2.9 சதவீதம் போட்டால் சரியாகும். பாட்டின் தொடக்கத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். நாடா போகப்போக வேகம் நழுவியிருந்தால் ஒரே எண் உதவாது.

அடுத்தது, இவை பெரும்பாலும் மோனோ, அதாவது ஒரே தடத்தில் பதிந்தவை. பழைய பதிப்புகள் சிலவற்றில் மோனோவைச் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கியிருப்பார்கள், ஹெட்போனில் குரல் மண்டைக்குப் பின்னால் எங்கேயோ மிதக்கும். அதை எடுக்கவே வேண்டாம். நல்ல பதிப்பிலும் இடது, வலது தடங்கள் துல்லியமாக ஒன்றாக இல்லாமல் போவதுண்டு. நாடா ஓடியபோது அதைப் படிக்கும் கருவியின் தலை சற்றுச் சாய்ந்திருந்ததன் விளைவு. இரண்டையும் கூட்டினால் மேல் ஒலிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மங்கிவிடும். இரண்டையும் தனித்தனியே கேட்டு, சுத்தமான ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது. பிளேயரில் ஒலி அளவைத் தானாகச் சமன்செய்யும் வசதி இருந்தால் பாட்டுக்குப் பாட்டு என்பதை விட்டு ஆல்பம் முழுவதற்கும் என்று வையுங்கள். இல்லாவிட்டால் தணிந்த குரலில் பாடிய இடமும் உச்சத்தில் பாடிய இடமும் ஒரே அளவில் வந்து நிற்கும்.

இரைச்சல் நீக்கம் அளவுக்கு மீறிய பிரதியை எப்படிக் கண்டுபிடிப்பது? 'ஸ' ஒலிகளும் மூச்சு இழுப்பும் எங்கே என்று தேடுங்கள். காலஸிடம் சொல்தான் உயிர், மெய்யெழுத்து மழுங்கினால் பாதிப் பாட்டு போயிற்று. தணிந்த இடங்களில் தண்ணீருக்குள் குமிழி விடுவதுபோல் ஏதாவது கேட்டால் அந்தப் பதிப்பு வேண்டாம். நாடாவின் 'ஹிஸ்' என்ற சீறல் சத்தத்துக்குக் காது பத்து நிமிஷத்தில் பழகிவிடும், குமிழிக்குப் பழகாது.

இனி எதைக் கேட்பது. ஆரம்பகாலக் குரல் வேண்டுமென்றால் இத்தாலிய வானொலியான ஆர்.ஏ.ஐ.யின் 1952 பிப்ரவரி கச்சேரி. கனத்த குரல் கேட்கும் 'நபுக்கோ'வின் அபிகாயில் பாட்டு ஒரு பக்கம், லேசான உயர்ந்த குரல் கேட்கும் 'லக்மே'யின் மணிப் பாட்டு ஒரு பக்கம். ஒரே மாலையில் இந்த இரண்டையும் ஒரு தொண்டை பாடுவது வழக்கமில்லை. (மணிப் பாட்டு ஒரு 'பாரியா' பெண்ணைப் பற்றியது. நம் ஊர் 'பறையர்' என்ற சொல்தான் அப்படி உருமாறி பிரெஞ்சு ஓப்பராவுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.) 1954 டிசம்பர் சான் ரெமோ நிகழ்ச்சியில் வேகப் பிருகாக்கள் பிரமாதம். 1957 ஆகஸ்ட் 5, ஏதென்ஸின் ஹெரோடெஸ் அட்டிகஸ் அரங்கில் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரை இத்தாலிய மொழியில் பாடியதை ஒரு தடவை கேட்டால் போதும்.

திரும்பத் திரும்பக் கை போவது 1959 மே 15, ஹாம்பர்க் கச்சேரிக்குத்தான். நிக்கோலா ரெசின்யோ ஆர்க்கெஸ்ட்ராவை நடத்த, ஐந்து ஓப்பராக்களிலிருந்து ஐந்து உருப்படிகள்: ஸ்பொந்தினியின் 'லா வெஸ்தாலே', 'மாக்பெத்', 'செவில்லின் பார்பர்', 'டான் கார்லோ', கடைசியில் பெல்லினியின் 'இல் பிராத்தா'. படமாகவும் இருக்கிறது, படத்தோடுதான் பார்க்கவேண்டும். 'டான் கார்லோ' பாட்டுக்கு முன்னால் ஆர்க்கெஸ்ட்ரா மட்டும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் வாசிக்கும். பல பாடகிகள் அந்த நேரத்தில் சும்மா நிற்பார்கள். காலஸ் ஒரு அடிகூட நகர்வதில்லை, ஆனால் பித்தளை வாத்தியங்கள் எழும்பும்போதே முகம் கல்லறை முன் நிற்கும் அரசியுடையதாகிவிடுகிறது. வாய் திறப்பதற்குள் பாட்டு ஆரம்பித்தாயிற்று. 'பார்பர்' பாட்டில் 'மா', அதாவது 'ஆனால்', என்ற ஒரே சொல்லை அவர் எப்படி வைக்கிறார் என்று கவனியுங்கள். நான் சாது, அடக்கமானவள் என்று கதாநாயகி ரோசினா தேனாகப் பேசிவந்து, அந்த 'மா'வில் நகத்தைக் காட்டிவிடுகிறாள். ஒலியளவைக் குறைத்து வைத்திருந்தாலும் அது தப்பாது.

இதோடு 1962 நவம்பர் 4, லண்டன் கோவென்ட் கார்டன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடிய அதே 'டான் கார்லோ' பாட்டை அடுத்தடுத்துக் கேளுங்கள். மூன்றரை வருஷத்தில் மூச்சு குறுகியிருக்கிறது, உச்சியில் ஆட்டம் அகலமாகியிருக்கிறது. இது நாடா செய்தது அல்ல. இரண்டையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவந்த பிறகும் அப்படியே நிற்கும். அதே வருஷம் மார்ச் 16-இல் ஜார்ஜ் ப்ரெத்ர் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தப் பாடிய இரண்டாவது ஹாம்பர்க் கச்சேரியின் பட்டியலே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. ஆறு உருப்படிகளில் நாலு மெஸ்ஸோ, அதாவது மேல்ஸ்தாயியை அதிகம் கேட்காத, சற்றுத் தாழ்ந்த பெண் குரலுக்கு எழுதியவை. 'எர்னானி' தடுமாறுகிறது, 'கார்மென்' தடுமாறவில்லை.

வாங்குவதானால், வார்னர் 2017-இல் வெளியிட்ட மேடைப் பதிவுப் பெட்டியில் 42 சிடிக்களும் 3 ப்ளூ-ரேக்களும் உண்டு. சிடிக்களில் 20 முழு ஓப்பராக்கள், ப்ளூ-ரேயில் படமான 5 நிகழ்ச்சிகள். இரண்டு ஹாம்பர்க் கச்சேரிகளும் 1958 டிசம்பர் 19 பாரிஸ் ஓப்பரா நிகழ்ச்சியும் அந்த ஐந்தில் வரும். கச்சேரிக்காக மட்டும் வாங்குபவருக்கு அந்தப் பெட்டி அதிகப்படி, ஹாம்பர்க் படங்கள் தனியாகக் கிடைத்தால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். பாரிஸில் முதல் பாதி கச்சேரி, இரண்டாம் பாதி பாடகர் திட்டோ கோபியோடு 'டோஸ்கா' இரண்டாம் அங்கம், உடை அலங்காரத்தோடு.

1973 அக்டோபர் முதல் 1974 நவம்பர் வரை பாடகர் டி ஸ்டெஃபானோவோடு பியானோ துணையில் செய்த கடைசிச் சுற்றுப்பயணப் பதிவுகளைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். பியானோ இருப்பதால் சுருதி பார்ப்பது சுலபம். பார்த்துத் திருத்தியபிறகு மிச்சம் இருப்பது அவருடைய ஐம்பது வயதுக் குரல்.