பரம்பரைப் பெட்டகம்: மெழுகா, அரக்குப் பொலிஷா, பொலியூரித்தேனா?

பெட்டகத்தை முதலில் தச்சுவேலைக்குப் பெயர்போன மொறட்டுவைக்கு அனுப்பி மினுக்கி எடுத்துவிட்டுப் பிறகு விலை கேட்பது கொழும்பில் வழமையாகிவிட்டது. சுரண்டிய பழைய மேற்பரப்பு திரும்பி வராது, விலையில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. ஆகவே மதிப்பீடு முதலில், எந்தப் பூச்சு என்பது பிறகு.

பழம்பொருள் கடைக்காரர் சொல்வது அவர் வாங்கும் விலை. அவருடைய லாபமும் திருத்தச் செலவும் அதில் கழிபட்டிருக்கும். காப்புறுதிக்கு எழுதும் தொகையோ, அதேபோன்ற ஒன்றைக் கடையில் வாங்க ஆகும் செலவு, அதனால் உயர்ந்தே நிற்கும். சகோதரர்கள் பங்கு பிரிப்பதென்றால் இரண்டும் சரிவராது. வாங்கும் நோக்கமில்லாத மதிப்பீட்டாளருக்குக் கட்டணம் கொடுத்து எழுத்தில் எடுங்கள். வெளிநாட்டிலுள்ள பிள்ளைக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் தொல்லியல் திணைக்களத்தில் அனுமதி விசாரிப்பதும் இப்போதே.

'ஒல்லாந்தர் காலத்துச் சாமான்' என்று சொல்லாத விற்பனையாளர் இல்லை. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) இலங்கைக் கரையோரத்தை ஆண்டது 1658 முதல் 1796 வரை. பிணைச்சலில் ஒரு திருகாணியைக் கழற்றிப் பாருங்கள். இயந்திரத்தில் செய்த கூர்நுனித் திருகாணி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் பரவியது. திருகாணி அப்படி இருந்து, பிணைச்சலுக்கு அடியில் வேறு பழைய துளைகளும் தெரிந்தால் பித்தளைப் பிணைச்சலைப் பிறகு மாற்றியிருக்கிறார்கள். பழைய துளை எதுவும் இல்லாவிட்டால் பெட்டகமே பிந்தியதாக இருக்கலாம். அடிப்பலகையில் வளைவு வளைவாக வாள் தடம் இருந்தால் வட்டவாளில் அறுத்த மரம், அதுவும் பிந்தியதற்கே அடையாளம். தேக்கு, பலா, முதிரை, நெடுன் எல்லாம் இன்றும் கண்ணில் படும்; கருங்காலி இனத்துக் கலமண்டர் அரிது, அதற்குத் தனி விலை.

இனி பூச்சு. பின்பக்கத்தின் கீழ்மூலையில் பஞ்சில் மெதிலேட்டட் ஸ்பிரிட் தொட்டு அரை நிமிடம் வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. அசையாவிட்டால் லாக்கர் தின்னர் தொட்டுப் பாருங்கள். அதில் இளகினால் லாக்கர்.

பூச்சு உரியாமல் அழுக்கு மட்டும் படிந்திருந்தால் மெழுகு போதும். பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்ட நீரில் துணியை நன்றாகப் பிழிந்து துடைத்து, காய்ந்தபின் தேன்மெழுகு ஒரு பங்கு, டர்பன்டைன் மூன்று பங்கு சேர்த்து மெல்லியதாகத் தேய்த்து, அரை மணி கழித்து மினுக்குங்கள். மெழுகைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் வைத்து உருக்கி, அடுப்பை அணைத்து, தள்ளி எடுத்த பிறகே டர்பன்டைன் ஊற்ற வேண்டும்.

பழைய பூச்சு அரக்காக இருந்து, வெடித்தோ திட்டுத்திட்டாகவோ போயிருந்தால் அரக்குப் பொலிஷ்தான் என் தெரிவு. புதிய அரக்கு பழைய அரக்கை இளக்கி ஒன்றாகிவிடும், சுரண்டத் தேவையில்லை. ஒரு லீற்றர் ஸ்பிரிட்டுக்கு 240 கிராம் அரக்கு, ஒரு நாள் ஊறட்டும். பஞ்சை அதில் நனைத்து, வேட்டித் துணியில் பொதிந்து, நடுவில் நிறுத்தாமல் ஓட்டுங்கள். கை நின்ற இடத்தில் துணி ஒட்டிப் படலம் பிய்ந்துவிடும். மழைநாளில் செய்தால் ஈரம் அகப்பட்டு வெள்ளை பூக்கும். கொழும்பில் ஜனவரி முதல் மார்ச் வரை பார்த்துச் செய்யலாம். கரைத்த அரக்கு ஆறு மாதம் தாண்டினால் கண்ணாடியில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். மறுநாளும் ஒட்டினால் கொட்டிவிடுங்கள். சுடுகோப்பைக்கும் மதுவுக்கும் இந்தப் பூச்சு தாங்காது.

அந்த இரண்டையும் தாங்குவது பொலியூரித்தேன், பிளாஸ்டிக் போன்ற படலமாகக் காயும் வார்னிஷ். விலைபோகாத சாதாரணப் பெட்டியைத் தேநீர் மேசையாக்கப் போகிறவருக்கு அதுவே பொருத்தம். ஆனால் அடியில் பழைய மெழுகோ சிலிக்கன் ஸ்பிரேயோ இருந்தால் குழிகுழியாக விலகும், நாளடைவில் உரியும். அதற்காகச் சாண்ட்பேப்பர் போட்டால் நூறாண்டு ஏறிய நிறமும் கூடவே போகும்.

எதைத் தெரிவு செய்தாலும் உட்புறத்தில் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் வேண்டாம். காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் அது மக்கிய வாடை பிடித்துச் சேலைகளில் ஏறும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவிட்டு எறியுங்கள்.