கடையா, சந்தையா, பார்சலா, வகுப்பா: மண் வேலையில் காசு எப்போது வரும்

எதிர்வீட்டுப் பெண் அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் சிற்பம் படித்து முடித்துவிட்டாள். போன வாரம் திண்ணையில் வந்து உட்கார்ந்தவள் நேரடியாகவே கேட்டாள்: "அக்கா, கடையில குடுக்கறதா, சந்தையில போடறதா, இன்ஸ்டாகிராம்ல விக்கறதா, கிளாஸ் எடுக்கறதா? எதுல காசு அதிகம்?"

அன்றைக்கு அவசரத்தில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். நான்கையும் செய்து பார்த்தவள் என்பதால் அவளுக்கே பொறுமையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். "எதில் அதிகம்" என்று கேட்டுத்தான் நானும் ஆரம்பித்தேன். முதல் இரண்டு வருடம் அதிலேயே போயிற்று. இப்போது எந்த வழியைப் பார்த்தாலும் நான் கேட்பது இரண்டு கேள்விதான். காசு எந்த மாதம் கைக்கு வரும்? பொருள் உடைந்தால் யார் கணக்கு?

2018 வரை நான் புதுச்சேரியில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தினமும் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ். ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடும். அதை விட்டு மண் வேலைக்கு வந்தபோது போனது சம்பளம் மட்டும் என்றுதான் நினைத்தேன், ஒன்றாம் தேதியும் சேர்ந்தே போய்விட்டது. சுடுமண் விளக்குக் காசு கார்த்திகையில் வரும், கொலு பொம்மைக் காசு புரட்டாசியில் வரும், பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணமோ ஜூனில் கட்ட வேண்டும். இந்த இடைவெளியை எந்த வழி எப்படி நிரப்புகிறது என்று பார்த்தால்தான் ஒப்பீடு பயன்படும்.

முதலில் கடை. புதுச்சேரி ஒயிட் டவுன் பக்கம் கைவினைப் பொருள் விற்கும் கடைகளில் பெரும்பாலும் கன்சைன்மென்ட்தான். நாம் கொடுத்து வைப்போம், விற்றால் அவர்கள் கமிஷன் போக மீதியைத் தருவார்கள். நான் பேசிய கடைகளில் 30 முதல் 40 சதவீதம் கேட்டார்கள். 600 ரூபாய் விளக்கு 35 சதவீதக் கமிஷனில் விற்றால் என் கைக்கு 390. அதுவும் விற்று, கணக்குப் பார்த்து, இரண்டு மாதம் கழித்து. ஆனால் அதே விளக்கை நான் தெருவில் வைத்தால் 250-க்குக் கேட்பார்கள். கடையில் வைத்தால் பேரம் பேசாமல் 600 கொடுத்துப் போகிறார்கள். கமிஷன் அந்த விலைக்குத்தான் என்று புரிந்த பிறகு எனக்கு அது வலிக்கவில்லை.

அந்த விலை புதுச்சேரியில் சும்மா வந்ததில்லை. 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார்கள். அங்கே கற்றவர்கள் பலர் சுற்றுவட்டாரத்திலேயே சொந்தப் பட்டறை போட்டார்கள். கையால் செய்த ஒரு கோப்பைக்கு நல்ல விலை கொடுக்கலாம் என்பது புதுச்சேரிக்கு வருகிறவர்களுக்குப் பழகிவிட்டது. இன்னொரு பக்கம் வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்த ஊர் முனுசாமி அவர்களுக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. வாங்குகிறவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்து "இதுல சாப்பிடலாமா?" என்று கேட்பார்கள். கோல்டன் பிரிட்ஜ்காரர்களுடையது அதிகச் சூட்டில் வெந்த, மெருகு பூசிய ஸ்டோன்வேர். நம்முடைய சுடுமண் அதைவிடக் குறைந்த சூட்டில் வெந்தது, தண்ணீரை உறிஞ்சும். இதைப் பொறுமையாகச் சொல்லிப் புரியவைக்கும் கடை கிடைத்தால் கமிஷன் ஐந்து சதவீதம் கூடப் போனாலும் பரவாயில்லை.

ஆனால் எழுத்தில் இல்லாமல் ஒரு பொருளையும் கடைக்குள் வைக்காதே. ஒரு கடையில் 22 உருப்படி கொடுத்திருந்தேன். கடையைப் புதுப்பிக்கப் போகிறோம், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று போன் வந்தது. அட்டைப்பெட்டியைத் திறந்தால் எட்டு உருப்படி காது போய், திரி வாய் உடைந்து கிடந்தன. "டிஸ்ப்ளேயில உடைஞ்சது" என்றார்கள், அவ்வளவுதான். என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இப்போது ஒரே பக்கத்தில் நான்கு விஷயம் எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன்: எத்தனை உருப்படி, என்ன விலை, எந்தத் தேதி கணக்கு முடிப்பது, உடைசல் யார் பொறுப்பு. கையெழுத்துப் போடத் தயங்குகிற கடையில் பொருளை வைப்பதில்லை.

சில கடைகள் பாதி விலைக்கு மொத்தமாக வாங்கிக்கொள்ளும். 600-க்கு 300, கையில் ரொக்கம், உடைசல் அவர்கள் பாடு. கணக்குப்படி 390-தான் மேல். ஆனால் மே மாதத்தில் நான் 300-க்குத்தான் கொடுப்பேன், ஜூன் கட்டணத்துக்கு அதுதான் உதவும். டிசம்பரில் சுற்றுலாக் கூட்டம் நிறைந்திருக்கும்போது 390-க்குக் காத்திருப்பேன். ஒரே கடை, ஒரே விளக்கு, மாதத்தைப் பொறுத்து முடிவு மாறுகிறது.

சந்தை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. புதுச்சேரி மகாத்மா காந்தி வீதி ஞாயிறு சந்தைக்கு வருகிறவர்கள் துணிமணி, வீட்டுச் சாமான் மலிவாக வாங்க வருகிறார்கள். வேலைப்பாடுள்ள பொருளுக்கு அது இடமில்லை. ஆனால் தை ஐந்தாம் நாள் தென்பெண்ணைக் கரையில் நடக்கும் ஆற்றுத் திருவிழாவை விட்டுவிடாதே. சிறுவள்ளிக்கிழங்கு வாங்க வரும் கூட்டத்தில் பிள்ளைகள் எல்லாரும் நம் பக்கம்தான். மண் சொப்புச் சாமான் ஒரு செட் 80 ரூபாய் என்று வைத்தேன், இருட்டுவதற்குள் பாயைச் சுருட்டிவிட்டேன். உருப்படிக்கு லாபம் மிகக் குறைவு, காசு அன்று சாயங்காலமே மடியில்.

இன்ஸ்டாகிராமில் கமிஷன் கிடையாது, முழு 600-ம் நமக்கு என்று எல்லாரும் சொல்வார்கள். நான் ஒரு பார்சல் கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார். விளக்கின் குழிக்குள் கசக்கிய பேப்பரைத் திணிக்க வேண்டும், நீட்டிக்கொண்டிருக்கும் மூக்குக்குத் தனியாகப் பஞ்சு. குமிழி உறை மூன்று சுற்று, அதை ஒரு பெட்டிக்குள் வைத்து அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்து, நடுவில் வைக்கோல். ஆட்டிப் பார்த்தால் சத்தம் வரக் கூடாது. ஒன்றுக்கு இருபது நிமிஷம். பெட்டி, உறை, கூரியர் எல்லாம் சேர்ந்து 160 ரூபாய் போகிறது, உடைந்தால் இன்னொன்று இலவசமாக அனுப்ப வேண்டும். போட்டோ எடுப்பது, வீடியோ போடுவது, "விலை என்ன" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் தனி நேரம். அதையும் கூலியாகப் போட்டால் கடையும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிறகு ஏன் இதை விடவில்லை என்றால், சென்னையிலும் பெங்களூரிலும் வருடா வருடம் கொலுவுக்கு என்னிடமே வாங்குகிற வீடுகள் கிடைத்தது இதில்தான். அவர்கள் ஆடியிலேயே பாதிப் பணம் அனுப்புகிறார்கள். மண் வாங்கவும் சூளைக்கு விறகு வாங்கவும் எனக்குக் காசு தேவைப்படுவது அப்போதுதான்.

அந்த முன்பணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. இரண்டு நாள் கழித்து சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம். ஆற்றோரம் சித்தப்பா இடத்தில்தான் என் கொட்டகை. தண்ணீர் வடிந்து போய்ப் பார்த்தபோது, சுட்டு வைத்திருந்த விளக்கெல்லாம் சேற்றுக்குள் அப்படியே கிடந்தன, கழுவினதும் பழையபடி ஆகிவிட்டன. பலகை மேல் காய வைத்திருந்த சுடாத விளக்குகள் முந்நூறும் கரைந்து ஒரே களிமண் மேடாகிக் கிடந்தன. ஒன்றில் மட்டும் என் கட்டைவிரல் பதிந்த விளிம்பு பாதி தெரிந்தது. கார்த்திகை தீபம் டிசம்பர் 13. மழையில் காயாத மண்ணைச் சூளையில் வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெடித்துவிடும். புதிதாகச் செய்ய வழியே இல்லை. விளக்குக்கு முன்பணம் கொடுத்திருந்த எல்லாருக்கும் திருப்பி அனுப்பினேன். பாதிப் பணம் ஏற்கெனவே விறகாகவும் மண்ணாகவும் போயிருந்தது. பொருள் போய்ச் சேரும்வரை முன்பணம் கடன்தான், அதில் பாதியைத் தொடாமல் வைக்க வேண்டும். அந்த மாதம் வீட்டை ஓட்டியது ஐப்பசியிலேயே கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருந்த விளக்குகள். இப்போது கார்த்திகை விளக்கை ஆவணிக்குள் சுட்டு முடித்துவிடுகிறேன்.

வகுப்புதான் ஒன்றாம் தேதிக்கு மிகப் பக்கத்தில் வருகிறது. சனிக்கிழமை எட்டுப் பிள்ளைகள், தலைக்கு மாதம் 1,200, முன்கூட்டியே. உடைந்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள், மறுபடி பிசைவார்கள், நஷ்டமே இல்லை. இது மட்டும் போதும் என்று ஒரு வருடம் இருந்தேன். 2022-ல் அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன். மூன்று மாதம் மண்ணைத் தொடவில்லை, வகுப்பும் இல்லை, வகுப்புக் காசும் இல்லை. நான் நேரில் நிற்காவிட்டால் அந்த வழி அன்றோடு நின்றுவிடுகிறது. நான் ஆஸ்பத்திரி வராண்டாவில் படுத்திருந்தபோதும் கடையில் வைத்த பொருள் விற்றுக்கொண்டிருந்தது. அதுவரை கடைசி இடத்தில் வைத்திருந்த கன்சைன்மென்ட்டை அன்றைக்குத்தான் மேலே தூக்கி வைத்தேன். கைக்குழந்தை இருக்கும்போது ஒரு வழி சரியாக இருக்கும், வயதானவரைப் பார்த்துக்கொள்ளும்போது இன்னொன்று. வீட்டு நிலைமை மாறும்போதெல்லாம் வரிசையும் மாறும்.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் இருபது சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் நடுவில் மாநில எல்லை இருக்கிறது. பொருள் மட்டும் விற்கிறவர்களுக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு தமிழ்நாட்டில் வருடம் 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம். நம் விற்பனை அந்தப் பக்கமே போகாது. ஆனால் இங்கிருந்து அங்கே விற்றால் அது வெளிமாநில விற்பனை. அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருளாக இருந்து, வருட விற்பனை 20 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு தேவையில்லை, பான் எண்ணும் இ-வே பில்லும் (சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டு) வேண்டும். உதவித் திட்டமும் எல்லையைப் பொறுத்தது. புதுச்சேரிப் பக்கம் இருந்தால் 2023-ல் வந்த மத்திய அரசின் பிஎம் விஸ்வகர்மா: குயவர், சிற்பி, பொம்மை செய்கிறவர் எல்லாம் பட்டியலில் உண்டு, கருவி வாங்க 15,000 ரூபாய், 5 சதவீத வட்டியில் முதலில் 1 லட்சம், பிறகு 2 லட்சம் கடன். தமிழ்நாடு அதை ஏற்காமல் 2025-ல் கலைஞர் கைவினைத் திட்டம் கொண்டுவந்தது: 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000. ஆனால் 35 வயது ஆகியிருக்க வேண்டும். உனக்கு இன்னும் 13 வருடம் இருக்கிறது. எனக்கு வயது சரி, விண்ணப்பம் தயாராகிறது.

உனக்கு 22 வயது, அப்பா அம்மா வீட்டில் இருக்கிறாய், வாடகை இல்லை. உன் இடத்தில் நான் இருந்தால் இந்த ஆனியிலேயே வகுப்பைத் தொடங்கி, அந்தக் காசில் மண் வாங்கி, ஆவணிக்குள் நூறு விளக்கு சுட்டு, இரண்டு கடையில் எழுத்தோடு வைப்பேன். இன்ஸ்டாகிராமை வாரம் ஒரு நாளுக்கு மேல் தொட மாட்டேன். கணக்கு நோட்டில் வரவு, செலவோடு மூன்றாவதாக ஒரு பத்தி போடு: பொருள் கையை விட்டுப் போன தேதிக்கும் காசு வந்த தேதிக்கும் நடுவில் எத்தனை நாள். என் நோட்டைக் கொண்டுவந்து காட்டுகிறேன், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இரு.