எஸ்பெராண்டோவா, டோக்கி போனாவா?

மொரீஷியஸின் ரோஸ்ஹில்லில் தால் பூரி (பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி) வாங்க வரிசையில் நிற்கும்போதெல்லாம் நானும் அக்காவும் மனிதர் திட்டமிட்டு உருவாக்கிய இந்த இரண்டு மொழிகளையும் பேசிப் பழகுகிறோம். என் ஓட்டு எஸ்பெராண்டோவுக்குத்தான். 1887-இல் சாமென்ஹோஃப் வெளியிட்ட அந்த மொழியில் புதுச்சொல் கட்டுவது நம் தமிழ் மாதிரியே, வேரோடு ஒட்டைச் சேர்த்துக்கொண்டே போகலாம்: 'சானா' என்றால் நலமான, 'மால்சானா' நோயுற்ற, 'மால்சானுலேயோ' மருத்துவமனை. தால் பூரிக்குச் சொல் கட்ட, பருப்புக்குப் பட்டாணியை வைத்து, கூடவே ரொட்டியையும் சேர்த்து 'பிஸோபானோ' என்றேன், அக்கா உடனே சிரித்துவிட்டாள், புரிந்துவிட்டது.

சரளமாகப் பேச 2001-இல் வந்த டோக்கி போனாதான் சுலபம், சுமார் 120 சொற்கள்தானே. ஆனால் 'பான் சிகே', அதாவது வட்ட ரொட்டி என்றால், தால் பூரியா ஃபராட்டாவா (நம் பராத்தா)? அக்கா ரொட்டி சுடும் கல்லைக் கைகாட்டித்தான் சொன்னாள்.