மலிவான பிரையர் புகைக்குழாய்: வார்னிஷைக் கழற்றிய பிறகு ஒரு மதிப்பீடு

இந்தப் புகைக்குழாயைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே எழுதியிருந்தால், குறைகளை மட்டுமே எழுதியிருப்பேன். புகையிலையை இட்டு எரிக்கும் கிண்ணத்தின் வெளிப்புறம் முழுவதும் தடித்த வார்னிஷ். அதற்கடியில் மரத்தின் ரேகையே தெரியாதபடி கருஞ்சிவப்புச் சாயம். இத்தகைய பூச்சு பார்வைக்குப் பளபளத்தாலும், கிண்ணம் சூடேறும்போது இளகிக் கொப்புளம் விடக்கூடியது என்பதால், புகைத்துப் பார்க்கும் முன்பே அதை அகற்றிவிடத் தீர்மானித்தேன்.

அரக்குப் பூச்சாக இருந்திருந்தால் ஸ்பிரிட்டிலேயே கரைந்திருக்கும், இது அசையவில்லை. அக்ரிலிக்கால் ஆன வாய்க்குழலைத் தனியே கழற்றி வைத்துவிட்டு (அசிட்டோன் பட்டால் அது பாழாகிவிடும்), சன்னல்களைத் திறந்து, அருகில் நெருப்பு எதுவும் இல்லாமல், அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்தபோதுதான் பூச்சு பிசுபிசுப்பாகக் கழன்று வந்தது. பின்னர் வாய்க்குழலை மீண்டும் பொருத்திய நிலையிலேயே 220, 400, 600 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்தேன். கழற்றி வைத்துத் தேய்த்தால் இரண்டும் சேரும் இடத்தில் மரத்தின் விளிம்பு மழுங்கி, பிறகு என்ன செய்தாலும் இடைவெளி தெரியும்.

உள்ளே இருந்தது உண்மையான பிரையர்தான். அதாவது, மத்தியதரைக் கடற்பகுதியில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்னும் புதரின் வேர்முண்டு. ரேகையும் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. ஆனால் ஒரு பக்கத்தில் மூன்று இடங்களில் பட்டி பார்த்திருந்தார்கள். பிரையரில் இயல்பாகவே சிறு குழிகள் இருக்கும். விலை குறைந்த கட்டைகளில் அவற்றைப் பட்டி வைத்து அடைப்பது வழக்கம். பட்டியோ மரத்தைப் போலச் சாயத்தை உறிஞ்சுவதில்லை. இளம்பழுப்பு நிறம் கொடுக்க ஆசைப்பட்டு நான் பூசிய முதல் சாயத்தில் அந்த மூன்று புள்ளிகளும் அம்மைத் தழும்புபோல் எழுந்து நின்றன. கருஞ்சிவப்பைத் தேர்ந்தெடுத்த தயாரிப்பாளரை நான் வைதது சற்று அவசரம்தான். வேறு வழியின்றி, ஸ்பிரிட்டில் கரையும் அடர்பழுப்புத் தோல்சாயத்தை இருமுறை பூசி, காய்ந்ததும் 600 எண் தாளால் மேலோட்டமாகத் தேய்த்தேன். ரேகையில் கருமை தங்கியது, புள்ளிகளும் ஓரளவு அடங்கின. கிண்ணத்தின் உட்புறத்தில் சாயமோ பூச்சோ படாமல் பார்த்துக்கொண்டேன்.

இறுதி மெருகுக்குக் கார்னௌபா என்னும் பனையோலை மெழுகு. உருகுநிலை 82 டிகிரி செல்சியஸுக்கு மேல் என்பதால் வெறும் கையால் தேய்த்தால் பரவாது. மெருகுச் சக்கரம் வேண்டும்.

வெளிப்புறத்துக்கு இவ்வளவு செய்ய முடிந்தாலும், வாய்க்குழலுக்குப் புகை செல்லும் துளை கிண்ணத்தின் அடிமட்டத்துக்குச் சற்று மேலே விழுந்திருப்பதை மாற்ற முடியவில்லை. அடியில் ஈரமும் எரியாத புகையிலையும் தங்குகின்றன. மெருகு வேலை பழக விரும்புவோருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். புகைப்பதற்காகவே வாங்குவோர், பணம் கொடுக்கும் முன் துளைக்குள் ஒரு பைப் கிளீனரை (குழாயைத் துடைக்கும், பஞ்சு சுற்றிய கம்பி) விட்டு, அது எங்கே வெளிப்படுகிறது என்று பார்த்துக்கொள்ளவும்.